ஆர்கன் கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கன் கலைஞர் என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறோம்?

முதன்மையாகக் குழாய் ஆர்கன் வாசிப்பவரை. துருத்தியாலோ மின்விசிறியாலோ சேர்க்கப்பட்ட காற்றைச் சீரான அழுத்தத்தில் தேக்கி வைத்து, கட்டையை அழுத்தும்போது உரிய குழாய்க்கு மட்டும் திறந்துவிட்டு ஒலியெழுப்பும் வாத்தியம் அது. ஆர்மோனியத்திலும் துருத்தியும் கட்டைகளும் உண்டு என்றாலும், அங்கே காற்றில் அதிர்வது உலோக நாக்குகள். அவற்றுக்குக் குழாய்கள் கிடையாது. பெரிய ஆர்கன் ஒன்றில் ஆயிரக்கணக்கான குழாய்களும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு முதல் ஐந்து கட்டை வரிசைகளும், காலால் வாசிப்பதற்கென்று தனியாக ஒரு வரிசையும் இருக்கும். இவை அனைத்தையும் ஒருவரே ஆள்கிறார். ஹேமண்ட் போன்ற மின் ஆர்கன்களை வாசிப்பவர்களைப் பற்றிய கேள்வி கீழே தனியாக உள்ளது.

பியானோ தெரிந்தவர் நேராக ஆர்கனுக்கு மாறிவிட முடியுமா?

சுரங்களை வாசித்துவிடலாம், அவற்றை இசையாக ஒலிக்கச் செய்ய நெடுநாள் பிடிக்கும். பியானோவில் கட்டை இறங்கும் வேகம்தான் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது, எழுந்த ஒலி அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. ஆர்கனிலோ மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் குழாய்க்குள் போகும் காற்று ஒன்றுதான். விரலை எடுக்கும்வரை சுரம் அதே வலிவுடன் நிற்கும். ஒரு சுரத்தை மட்டும் அழுத்திக் காட்டவோ, வரியின் முடிவில் ஒலியைத் தேய்த்து இறக்கவோ விரலுக்கு வழியில்லை.

ஆகவே கலைஞரின் கையில் மிஞ்சுவது காலம் மட்டுமே. முக்கியமான ஒரு சுரத்துக்கு முந்தைய சுரத்தை மயிரிழை அளவு முன்னதாக விட்டுவிட்டால், இடையில் பிறக்கும் அந்தச் சிறு மௌனம் அடுத்த சுரத்தை எடுப்பாக்கிவிடும். சுரத்தைச் சற்றே நீட்டிப் பிடித்தால் அதற்குக் கனம் கூடும். ஒரு வரியின் கடைசிச் சுரத்தை எப்போது விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த வரி மூச்சுவிட்டதா, மூச்சுத் திணறியதா என்பது தெரியும். ஆர்கனில் ஒரு சுரத்தைத் தொடங்குவதைவிட முடிப்பதே பெரிய கலை என்பது என் உறுதியான எண்ணம். நல்ல கலைஞரையும் வெறுமனே விரைவாக வாசிப்பவரையும் வேறுபடுத்திக் காட்டுவதும் அதுதான்.

பியானோவில் கால்மிதியை அழுத்திச் சுரங்களைத் தொடுத்துவிடும் வசதியும் இங்கே இல்லை. எனவே ஒரு கட்டையை அழுத்தியிருக்கும்போதே அதன்மேல் ஒரு விரலை எடுத்து இன்னொரு விரலை வைக்கும் வித்தையைக் கற்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த பிரெஞ்சு மரபு, சுரங்களை இடைவெளியே இன்றித் தொடுப்பதைக் கண்டிப்பான விதியாக வைத்திருந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் (1685–1750) காலத்துக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் உரிய இசைக்கு, சுரங்களைச் சற்றே பிரித்து வாசிக்கும் முறைதான் பொருந்தும் என்ற புரிதல் 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகளுக்குப் பிறகே மீண்டும் பரவியது. இன்று பயிற்சி பெறுபவர் இரண்டையும் கற்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிறு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். கட்டையிலிருந்து குழாயின் வால்வு வரை மரக்கீற்றுகளாலேயே இணைக்கப்பட்ட ஆர்கன்களில், வால்வு எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்பதை விரல் ஓரளவு உணரவும் ஆளவும் முடியும். சுரத்தின் தொடக்கம் அதனால் மென்மையாகவோ கூர்மையாகவோ அமையும். மின் இணைப்புகள் எத்தனையோ வந்த பிறகும் இவ்வகை ஆர்கன்களைக் கலைஞர்கள் விரும்பித் தேடுவது இதற்காகத்தான்.

கால்களால் வாசிப்பது எப்படி? பார்த்துக்கொண்டே வாசிப்பார்களா?

பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. பெடல் வரிசையில் பொதுவாக 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும். நுனிக்காலையும் குதிகாலையும் மாறிமாறிப் பயன்படுத்தி, முழங்கால்களின் இடைவெளியைக் கொண்டு தூரத்தை அளந்து, பார்வை தாளிலேயே இருக்க வாசிக்கிறார்கள். ஆர்கன் இசை பெரும்பாலும் மூன்று வரிகளில் எழுதப்படுகிறது: மேலே இரண்டும் கைகளுக்கு, கீழே ஒன்று கால்களுக்கு. தாழ்ந்த சுரங்களை ஊன்றிப் பிடிப்பது மட்டுமே காலின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. பாக்கின் ஆறு ட்ரியோ சொனாட்டாக்களில் வலக்கைக்கு ஒரு குரல், இடக்கைக்கு ஒரு குரல், கால்களுக்கு ஒரு குரல் என்று மூன்றும் தனித்தனியே நடக்கின்றன. ஒளிந்துகொள்ள இடமே தராத அந்த இசை இன்றும் கலைஞர்களை அளக்கும் கோலாக இருக்கிறது.

காலணியும் முக்கியம். மெல்லிய தோல் அடியும் சிறிய குதியும் கொண்ட ஒரு சோடியை இதற்கென்றே வைத்திருப்பார்கள். அதைத் தெருவில் அணிய மாட்டார்கள், ஏனெனில் அடியில் ஒட்டும் மணல் கட்டைகளைக் கீறிவிடும். ஆயினும் பிரெஞ்சுக் கலைஞர் ழான் டெமெசியூ உயர்குதிகால் காலணிகளுடன் வாசித்தவர். ஹேமண்ட் கலைஞர் ரோடா ஸ்காட் வெறுங்காலுடன் வாசிப்பதற்கே பெயர் பெற்றவர்.

எல்லா நாட்டிலும் பெடல் வரிசை ஒரே காலத்தில் வளரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் பெரும்பாலான ஆர்கன்களுக்கு அது கிடையாது. அங்கே வாழ்ந்த இசையமைப்பாளர் ஹாண்டலின் ஆர்கன் கச்சேரி இசை ஏறக்குறைய முழுவதும் கைகளுக்கு மட்டுமே எழுதப்பட்டிருப்பதன் காரணம் அதுவே.

இருபுறமும் இருக்கும் குமிழ்களை ஏன் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள்?

ஒவ்வொரு குமிழும் ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் அல்லது மூடும். அதற்கு ஸ்டாப் என்று பெயர். எந்த வரிசைகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்வது என்ற தேர்வே ஆர்கன் கலைஞரின் படைப்பாற்றலில் பாதி.

குமிழ்மேல் எழுதியிருக்கும் எண் குழாயின் நீளத்தைக் குறிக்கும். 8 அடி வரிசை, எழுதிய சுரத்தை அதே ஸ்தாயியில் தரும். 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. 32 அடி வரிசையின் அடிக்குழாய் வினாடிக்குச் சுமார் 16 முறை அதிர்கிறது. அது காதில் சுரமாக விழுவதைவிட இருக்கையிலும் மார்பிலும் அதிர்வாகவே உணரப்படும். இவற்றோடு, அழுத்திய சுரத்தின் மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தையும் இரண்டு ஸ்தாயிக்கு மேலுள்ள அந்தர காந்தாரத்தையும் ஒலிக்கும் வரிசைகளும் உண்டு. தனியே கேட்டால் அவை அபஸ்வரமாகத் தோன்றும்; 8 அடி வரிசையோடு சேரும்போது தனிச்சுரமாகத் தெரியாமல் கரைந்து, அதன் நாதத்துக்குப் புதிய நிறம் ஏற்றிவிடும். ஒரு கம்பியை மீட்டும்போது அதற்குள்ளேயே எழும் மேற்சுரங்களைக் குழாய்களைக் கொண்டு தனித்தனியாகக் கட்டிச் சேர்ப்பதுதான் இது. நாத அறிவியலை ஏட்டில் எழுதுவதற்கு முன்பே ஆர்கன் கட்டியவர்கள் அதைக் காதால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

எந்த வரிசைகளைச் சேர்ப்பது என்பதை 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் உருப்படியின் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். பாக்கோ மிகச் சில இடங்களில்தான் குறிப்புத் தந்திருக்கிறார். எஞ்சியதைக் கலைஞரே அந்த ஆர்கனைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். இன்றைய பெரிய ஆர்கன்களில் சேர்க்கைகளை முன்கூட்டியே பதிவு செய்து ஒரு பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத பழைய ஆர்கன்களில், இருபுறமும் உதவியாளர்கள் நின்று உரிய நொடியில் குமிழ்களை இழுத்துத் தருவார்கள். அவர்களும் இசையைத் தாளில் தொடர்ந்து படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

அழுத்திய சுரம் தாமதமாகக் கேட்கும் என்பது உண்மையா?

பல இடங்களில் உண்மை. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. குழாய்கள் 34 மீட்டர் தள்ளி இருந்தால், விரல் இறங்கிப் பத்தில் ஒரு வினாடி கழித்தே சுரம் காதை எட்டும். வேகமான இசையில் அதற்குள் அடுத்த சுரம் தொடங்கியிருக்கும். இதற்கு மேல் எதிரொலி வேறு: பெரிய கல் தேவாலயத்தில் ஒலி அடங்க ஐந்தாறு வினாடிகள் ஆகலாம்.

தாமதத்துக்குப் பழகிய கலைஞர் விரலின் உணர்வைப் பிடித்துக்கொண்டு தாளத்தை நடத்துகிறார்; காதில் விழுவதைப் பின்தொடர்ந்தால் நடை இழுத்துக்கொண்டே போகும். எதிரொலியை வெல்லவோ அதைவிட வேகமாக ஓடவோ முயல்வது வீண். எதிரொலி மிகுந்த இடத்தில் சுரங்களைக் கூடுதலாகப் பிரித்து, நடையைத் தளர்த்தி, ஒரு வரிக்குப் பின் ஒலி அடங்க இடம் விட்டு வாசித்தால்தான் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இசை தெளிவாகப் போய்ச் சேரும். கூடம் நிறைந்தால் மனித உடல்கள் ஒலியை உறிஞ்சிவிடுவதால், காலியான கூடத்தில் ஒத்திகையில் தேர்ந்த வேகம் மாலையில் பொருந்தாமலும் போகலாம்.

சொந்த வாத்தியத்தைக் கொண்டுபோக முடியாதவர்கள் கச்சேரிக்கு எப்படித் தயாராகிறார்கள்?

வேறெந்தக் கலைஞரைவிடவும் அதிகமாக, போன இடத்து வாத்தியத்திடம் தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டியவர் ஆர்கன் கலைஞர். ஓர் ஆர்கனைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. கட்டை வரிசைகளின் எண்ணிக்கை, கட்டைகளின் கனம், ஸ்டாப்களின் பெயர், அவற்றின் இடம், காற்றின் அழுத்தம், சுருதி, சுரங்களை இணக்கிய முறை எல்லாமே மாறும். அதனால் சில நாட்கள் முன்னதாகவே வந்து, பெரும்பாலும் கூடம் பூட்டிய பின் இரவுகளில் அமர்ந்து, ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கூடத்தில் நடந்து கேட்பதும் அவசியம், ஏனெனில் வாசிக்கும் இடத்தில் காதைப் பிளக்கும் ஒரு வரிசை கடைசி இருக்கைகளில் மெலிந்து ஒலிக்கக்கூடும்.

நிகழ்ச்சியில் எவற்றை வாசிப்பது என்பதையும் ஆர்கனே பெருமளவு தீர்மானிக்கிறது. பாரிஸில் ஆரிஸ்டீட் கவாயே-கோல் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆர்கன்கள் இல்லையென்றால், செசார் ஃபிராங்கும் ஷார்ல்-மரி விடோரும் எழுதிய இசை அந்த வடிவில் பிறந்திருக்காது. அதை பாக்கின் காலத்துப் பாணியில் அமைந்த ஒரு சிறு பரோக் ஆர்கனில் வாசிக்கத் துணிவதைவிட, அந்த ஆர்கனுக்குப் பொருந்தும் இசையைத் தேர்ந்தெடுப்பதே இசைக்கும் ஆர்கனுக்கும் செய்யும் நியாயம்.

மின்சாரம் வருவதற்கு முன் காற்றை யார் தந்தார்கள்?

துருத்தி மிதிப்பவர்கள். இங்கிலாந்தின் வின்செஸ்டரில் 10ஆம் நூற்றாண்டில் இருந்த ஆர்கனைப் பற்றிய ஒரு லத்தீன் கவிதை, எழுபது பேர் வியர்க்க வியர்க்கத் துருத்தி இயக்கியதாகக் கூறுகிறது. கவிஞரின் மிகையைக் கழித்தாலும் அது பலர் கூடிச் செய்த வேலை என்பது தெளிவு. அதன் விளைவு கலைஞரின் பயிற்சியிலும் தெரிந்தது. நினைத்த நேரத்தில் போய் ஆர்கனில் பயிற்சி செய்ய முடியாது, ஆள் வேண்டும், கூலி வேண்டும். எனவே பெடல் கட்டைகள் பொருத்திய கிளாவிகார்டு போன்ற வீட்டு வாத்தியங்களிலேயே பலரும் பயின்றார்கள்.

எழுதிவைக்காத இசையை அந்தக் கணத்தில் உருவாக்கும் திறன் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது?

தேவாலயப் பணியே அதைக் கேட்கிறது. சடங்கு எவ்வளவு நேரம் நீளும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஊர்வலம் பீடத்தை அடையும்வரை இசை நிற்கக் கூடாது, அடைந்ததும் ஒழுங்காக முடிய வேண்டும். மக்கள் பாடப்போகும் பாட்டுக்கு முன்னுரையும், வரிகளுக்கிடையில் இணைப்பும் வேண்டும். இந்தத் தேவையிலிருந்து வளர்ந்த மனோதர்மம், மேற்கத்திய இசையின் மற்றப் பிரிவுகளில் பெரிதும் மங்கிய பிறகும், ஆர்கன் கலைஞர்களிடம் உயிரோடு இருக்கிறது.

1720இல் ஹாம்பர்க்கில் பாக், முதிய கலைஞர் ரைன்கனின் முன்னிலையில், ஒரு திருச்சபைப் பாட்டின் மெட்டை ஏறக்குறைய அரைமணி நேரம் விரித்து வாசித்தார். இந்தக் கலை மறைந்துவிட்டது என்று எண்ணியிருந்ததாகவும், அது பாக்கிடம் வாழ்வதைக் கண்டதாகவும் ரைன்கன் கூறினாராம். அதே பாக்கை, இளமையில் அவர் ஆர்கன் வாசித்துவந்த ஆர்ன்ஸ்டாட் நகரின் திருச்சபை நிர்வாகம் கண்டித்தும் இருக்கிறது. 1705இல் நான்கு வாரம் விடுப்புப் பெற்று, லூபெக் நகரில் மூத்த ஆர்கன் கலைஞர் புக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்கச் சுமார் 400 கிலோமீட்டர் நடந்து போனவர், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்தே திரும்பினார். வந்ததும் பாட்டுகளுக்கிடையில் அவர் நுழைத்த விசித்திரமான சுரங்கள் மக்களைக் குழப்புகின்றன என்று குறை சொன்னார்கள். பாடுபவர்களுக்குத் துணை நிற்பதும் தன் கற்பனையை விரிப்பதும் ஒன்றையொன்று இடிக்கும் இடம் இது. நல்ல ஆர்கன் கலைஞர் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே எல்லையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அண்மைச் சான்றும் உண்டு. 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றிய பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தின் ஆர்கன் எரியாமல் தப்பியது. ஈயத்தூசி படிந்த அதன் சுமார் 8,000 குழாய்களும் கழற்றித் துடைக்கப்பட்டன. பேராலயம் மீண்டும் திறக்கப்பட்ட 2024 டிசம்பர் 7 அன்று பேராயர் அந்த ஆர்கனை எட்டு முறை சொல்லால் அழைக்க, ஒவ்வொரு அழைப்புக்கும் கலைஞர்கள் மனோதர்மமாகவே மறுமொழி வாசித்தார்கள்.

பார்வையற்ற ஆர்கன் கலைஞர்கள் இத்தனை பேர் எப்படி உருவானார்கள்?

14ஆம் நூற்றாண்டின் ஃபிளாரன்ஸில் ஃபிரான்செஸ்கோ லாண்டினி, 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கொன்ராட் பாவ்மன், 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அன்டோனியோ டி கபெசோன், லண்டனில் ஹாண்டலும் வந்து கேட்ட ஜான் ஸ்டான்லி என்று இந்த வரிசை நீளமானது. கட்டைகளையும் பெடல்களையும் தொட்டறிந்தே வாசிக்க வேண்டியிருப்பதும், தேவாலயம் நிலையான வேலை தந்ததும் இதற்குக் காரணங்கள். பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட பள்ளி, இசையை ஒரு வாழ்க்கைத் தொழிலாகவே கற்பித்தது. அங்கே படித்த லூயி பிரெய்லும் பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர்தான். 1829இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்து முறை இசையையும் உள்ளடக்கியிருந்தது.

அதே பள்ளியில் படித்த லூயி வியெர்ன், மிகக் குறைந்த பார்வையுடன் 1900 முதல் நோத்ர்-தாமின் ஆர்கன் கலைஞராக இருந்து, 1937 ஜூன் 2 அன்று கச்சேரியின் நடுவே ஆர்கன் முன் அமர்ந்தபடியே இறந்தார். ஜெர்மனியின் ஹெல்முட் வால்கா ஒவ்வொரு குரலையும் பிறரைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனத்துக்குள் அவற்றைச் சேர்த்துக் கற்றார். பாக்கின் ஆர்கன் இசையை இருமுறை ஒலிப்பதிவு செய்தவர் அவர். ஒரே நேரத்தில் நடக்கும் நான்கு குரல்களும் அவர் வாசிப்பில் நான்கு மனிதர்களாகப் பிரிந்து கேட்பதற்கு இந்தக் கற்கும் முறையே காரணம் என்று நான் நம்புகிறேன்.

பெண்கள் இத்துறையில் எப்போது வந்தார்கள்?

தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். நீரின் எடையால் காற்றழுத்தத்தைச் சீராக்கிய முதல் ஆர்கனைக் கிமு 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் உருவாக்கிய க்டெசிபியஸ், அதை வாசிக்கத் தம் மனைவி தாயிஸுக்குக் கற்பித்தார் என்று பழைய கிரேக்கக் குறிப்பு கூறுகிறது. இன்றைய புடாபெஸ்ட் நகரின் எல்லைக்குள் இருக்கும் ரோமானிய ஊரான அக்வின்கத்தில், ஐலியா சபினா என்ற பெண் மக்கள் முன் நீர் ஆர்கன் வாசித்த சிறப்பை அவள் கணவர் கல்லறைக் கல்லில் பொறித்து வைத்தார். பிற்காலத்தில் திருச்சபைப் பதவிகள்தான் அவர்களுக்கு மூடப்பட்டன. சுவீடனில் எல்ஃப்ரிடா அன்ட்ரே அதற்கான சட்டத்தையே மாற்றப் போராடி, 1867 முதல் 1929இல் இறக்கும்வரை கோதன்பர்க் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராகப் பணியாற்றினார். பிரெஞ்சுக் கலைஞர் மரி-கிளேர் அலேன் பாக்கின் ஆர்கன் இசை முழுவதையும் மூன்று முறை ஒலிப்பதிவு செய்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதே அவற்றைக் கேட்கத் தூண்டும்.

இது முழுநேரத் தொழிலாக அமையுமா?

சிலருக்கு அமையும். பெரும்பாலோர் தேவாலயப் பணி, பாடகர் குழுவை நடத்துதல், கற்பித்தல், கச்சேரி என்று பலவற்றைச் சேர்த்தே வாழ்கிறார்கள். லண்டனில் 1864இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், நியூயார்க்கில் 1896இல் தொடங்கிய அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் ஆகியவை நடத்தும் தேர்வுகளில் உருப்படி வாசிப்போடு, பார்த்தவுடன் வாசித்தல், சுருதி மாற்றி வாசித்தல், மனோதர்மம் ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன. பதவி கிடைத்தால் நிலைத்துவிடுவதும் உண்டு: விடோர் 1870இல் பாரிஸின் சான்-சுல்பீஸ் தேவாலயத்தில் தற்காலிகமாக நியமிக்கப்பட்டு 1933 வரை அங்கேயே இருந்தார். இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1931 முதல் 1992இல் இறக்கும்வரை அதே நகரின் திரினிதே தேவாலயத்தில் வாசித்தார்.

ஹேமண்ட் வாசிப்பவர்களையும் ஆர்கன் கலைஞர்கள் என்று சொல்லலாமா?

தயக்கமின்றிச் சொல்லலாம். 1935இல் விற்பனைக்கு வந்த ஹேமண்ட் ஆர்கனில் குழாய்க்குப் பதிலாகச் சுழலும் பல்சக்கரங்கள் மின் அதிர்வை உண்டாக்குகின்றன. மேற்சுரங்களை எந்த அளவில் கலப்பது என்பதை இழுகோல்களால் கணந்தோறும் மாற்றலாம். ஜிம்மி ஸ்மித் 1950களில் ஜாஸில் அதற்கென்று ஒரு மொழியையே உருவாக்கினார். ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் 1920களிலேயே குழாய் ஆர்கனில் ஜாஸ் வாசித்து ஒலிப்பதிவு செய்திருந்தார் என்பதால் இரண்டு மரபுகளையும் அன்னியர்களாகப் பார்க்கத் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு என்ன தேவை?

வயதைவிடக் கால் பெடலை எட்டுவதே கணக்கு. சில ஆண்டுகள் பியானோ கற்றிருந்தால் விரல்கள் தனித்தனியே இயங்கப் பழகியிருக்கும். ஒரு புதிய உருப்படியை முதலிலேயே முழுதாக வாசிக்கக் கூடாது: வலக்கையும் காலும், இடக்கையும் காலும், இரு கைகளும் என்று இணை இணையாகப் பயின்ற பிறகே மூன்றையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு இடக்கையும் காலும் சேரும் பகுதியே அதிகத் தொல்லை தரும், ஏனெனில் தாழ்ந்த சுரம் இடக்கைக்கே உரியது என்ற பியானோப் பழக்கத்தில் இடக்கை காலைப் பின்தொடர்ந்து ஓடும்.

வீட்டில் பயில, உண்மையான ஆர்கன்களின் குழாய்களை ஒவ்வொன்றாக ஒலிப்பதிவு செய்து தரும் மென்பொருள்களும் பெடல் வரிசையும் இப்போது கிடைக்கின்றன. கைகால் பயிற்சிக்கு அவை போதும். கூடத்தின் எதிரொலியோடு உரையாடும் பழக்கத்தை மட்டும் அவை தரமாட்டா. ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரமாவது உண்மையான குழாய் ஆர்கனில் அமர அனுமதி பெறுங்கள். அந்த நேரத்தில் ஒரு 8 அடி ஸ்டாப்பை மட்டும் திறந்து, எளிய மெட்டு ஒன்றை மெதுவாக வாசித்து, ஒவ்வொரு சுரத்தையும் எங்கே விடுகிறீர்கள் என்பதைக் கேளுங்கள்.